கரைய மறுத்த துத்தநாகம்

அத்தியாயம் ஏழு

‘தொடாதே’ என்று ஒரு பலகை. ‘சாயாதே’ என்று இன்னொன்று. ‘பலகைகளை அகற்றாதே’ என்று மூன்றாவது. இந்த மூன்று கட்டளைகளுக்கும் நடுவே, நான்கு மரக்கட்டைகளின் மேல், மூழ்கிப்போன ஆமை நின்றுகொண்டிருந்தது.

ஆமை என்றால் முட்டையிடும் ஆமை இல்லை. தரையில் சக்கரம் வைத்து ஓடி, அதே வேகத்தில் கடலுக்குள் இறங்கிப் படகாகவும் போகும் ராணுவ வண்டி. அரசாங்கத் தாள்களில் அதற்கு மூன்று வரி நீளத்தில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்குவதால் சிப்பாய்கள் ஆமை என்று சுருக்கிவிட்டார்கள்.

ஐந்து வாரத்துக்கு முன், கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இது மூழ்கியது. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் மேல்கதவு வழியாக வெளியேறி நீந்தி வந்தார்கள். அந்த எட்டுப் பேரையும் கீழிருந்து ஒவ்வொருவராகத் தள்ளி ஏற்றிவிட்ட ஓட்டுநர் மட்டும் வரவில்லை.

விசாரணை அறிக்கை பதினோரு பக்கம். அதில் பத்துப் பக்கம் விசாரித்தவர்களின் பதவிகளும் பட்டங்களும். மிச்சமிருந்த ஒரு பக்கத்தில் விஷயம் இருந்தது. வண்டியின் அடிவயிற்றில் தேங்கும் தண்ணீரை வடிக்க ஒரு துளையும் அதற்கு ஒரு திருகு மூடியும் உண்டு. கடலில் இறங்குமுன் அந்த மூடியைத் திருக ஓட்டுநர் மறந்துவிட்டார். கவனக்குறைவு. முற்றும். கவனக்குறைவால் செத்தவர்களின் பெயர், முகாம் வாசலில் இருக்கும் நினைவுச் சுவரில் ஏறாது.

“அவன் மறக்கிற ஆள் இல்லைங்க. நான் வளர்த்த பிள்ளை. வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்ப்பான்” என்று சொல்லிக்கொண்டு, பத்து நாள் முன்பு ஓட்டுநரின் அக்கா துப்பறிவாளரின் அலுவலக அறைக்குள் வந்து உட்கார்ந்தார். அழவில்லை. நகராட்சிப் பணிமனையில் வேலை என்றார். தம்பிக்கு எட்டு வயதில் தாயும் தகப்பனும் போய், அன்றிலிருந்து தானே எல்லாம் என்றார். “அந்தச் சுவத்துல அவன் பேரு வரணும். வேற ஒண்ணும் வேண்டாம்.”

மேல்முறையீடு நாளைக் காலை ஒன்பது மணிக்கு. இன்றைக்குக் கிடைப்பதுதான் கிடைத்தது.

துப்பறிவாளருக்குச் ‘செருமல்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது வேறு. ஒவ்வொரு முடிவையும் சொல்லுமுன் தொண்டையைச் செருமி, ஒரு கணம் நிறுத்தி, உலகம் தன் பக்கம் திரும்பிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் பேசுவார். உதவியாளர் வாயாடி. நாற்பத்தாறு வயது. பதினெட்டு வருஷம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவள். யார் எந்தக் குரலில் பொய் சொல்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அந்தச் சேவையைச் செருமலுக்கு மாதச் சம்பளத்துக்கும், கிண்டலை இலவசமாகவும் வழங்கிவந்தாள்.

இன்றைக்கு அவர்களைச் சுற்றிக்காட்ட வந்த பராமரிப்பு அதிகாரிக்கு முகாமில் ‘மினுக்கு’ என்று பெயராம். காலணியில் முகம் தெரிந்தது. கையில் ஒரு குச்சி வைத்திருந்தார். எதைக் காட்டவும் அது தேவைப்படவில்லை. ஆனால் குச்சி இல்லாத அதிகாரியை யார் அதிகாரி என்பார்கள்?

“என் பொறுப்பில் இருந்தவரை இந்த வண்டியில் ஒரு தூசு கிடையாது” என்றார் மினுக்கு.

“கடலுக்குள்ள தூசு எங்கிருந்து சார் வரும்?” என்றாள் வாயாடி.

மினுக்கு அவளைப் பார்க்காமல் செருமலைப் பார்த்தார். “இந்த அம்மாவும் உள்ளே வரணுமா?”

“வரணும்” என்றார் செருமல். “என் கண் கொஞ்சம் மங்கல். வெளியில சொல்லிக்கிறதில்ல.”

“இப்பத்தான் சொல்லிட்டீங்க” என்றாள் வாயாடி.

மினுக்கு ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். உள்ளே உள்ளங்கை அளவில் வெண்கல மூடி ஒன்று இருந்தது. “கடலடி மணலில் கிடைத்தது. சும்மா ஒரு சுற்றுச் சுற்றிச் செருகி வைத்திருக்கிறான். தண்ணீரில் இறங்கியதும் விழுந்துவிட்டது. மறதியின் சின்னம்.” கண்காட்சி திறந்துவைப்பவரைப் போல அவர் ஒரு நொடி கைதட்டலுக்காகக் காத்திருந்தார்.

செருமல் மூடியை எடுத்து வாயாடியின் மூக்குக்கு நேரே பிடித்தார். “என்ன தெரியுது?”

“வெண்கலம். நல்லாத்தான் இருக்கு. திருகுற மரைப் பள்ளத்துல மட்டும் பழுப்பா என்னமோ அப்பியிருக்கு.”

“எது வரைக்கும்?”

“நுனியில ஆரம்பிச்சுக் கழுத்து வரைக்கும்.”

“அது கடல் அழுக்கு” என்றார் மினுக்கு.

வாயாடி தன் கைப்பையைத் திறந்தாள். பையின் வாயை மூடும் காந்தப் பொத்தானை மூடியின் பக்கத்தில் கொண்டுபோனாள். பழுப்புத் துணுக்குகள் இரண்டு மூன்று துள்ளி வந்து பொத்தானில் ஒட்டிக்கொண்டன.

“கடல் அழுக்குக்கு என் பையை ரொம்பப் பிடிச்சிருக்கு சார்” என்றாள்.

செருமல் செருமினார். மினுக்கு தன்னையறியாமல் நிமிர்ந்து நின்றார்.

“இது இரும்பு. வண்டியோட சொந்த இரும்பு. மூடி உட்கார்ற துளையில இருக்கிற மரை துருப்பிடிச்சு, மொத்தமா பேர்ந்து, மூடியோடவே வந்திருக்கு. ஒரு சுத்து செருகின மூடியில நுனியில மட்டும்தான் இது ஒட்டியிருக்கும். கழுத்து வரைக்கும் இருக்குன்னா கழுத்து வரைக்கும் இறுக்கியிருக்கான். அவன் மறக்கல. மூடி சரியா இருந்தது. அதைப் பிடிச்சுக்கவேண்டிய இரும்புதான் சரியா இல்ல.”

மினுக்கின் குச்சி ஒருமுறை காலணியைத் தட்டியது. “வந்து ஒரு வருஷம் ஆன வண்டி. அதற்குள் எப்படித் துரு?”

“அதைத்தான் பார்க்கப்போறேன்” என்று சொல்லிச் செருமல் வண்டிக்கு அடியில் தவழ்ந்தார். தொப்பை ஒரு தடவை மாட்டியது.

“சார், ஆமைக்கு அடியில குட்டி ஆமை மாதிரி இருக்கீங்க.”

“நீயும் வா. விளக்கைப் பிடி.”

அடிவயிற்றில், வடிகால் துளையைச் சுற்றிச் செங்கல் பாதி அளவில் நான்கு கட்டிகள் திருகப்பட்டிருந்தன. துளையின் விளிம்பு சொத்தைப் பல் மாதிரி அரித்துக் கிடந்தது. வாயாடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இந்தத் துளை வழியாகத்தான் தண்ணீர் வந்திருக்கிறது. இதற்கு மேலேதான் ஒருவன் நின்று எட்டுப் பேரைத் தள்ளி ஏற்றியிருக்கிறான். அவளுக்குச் சட்டென்று கிண்டல் எதுவும் வரவில்லை.

“இந்தக் கட்டிங்க எதுக்கு சார்?”

“துத்தநாகம். உப்புத்தண்ணி இரும்பைத் தின்னும். அதுவும் வெண்கலம் பக்கத்துல இருந்தா இன்னும் வேகமா தின்னும். ஆனா துத்தநாகத்தை ஒட்டி வெச்சுட்டா, இரும்பை விட்டுட்டு அதை முதல்ல தின்னும். துத்தநாகம் தீர்ற வரைக்கும் இரும்புக்கு ஒண்ணும் ஆகாது. தீர்ந்தா கழட்டிட்டு வேற வைக்கணும்.”

“அதாவது வீட்டுக்கு மூத்த பிள்ளை. எல்லா அடியும் அதுக்கு.”

“அப்படியும் சொல்லலாம். பதினோரு மாசமா தினமும் கடல்ல இறங்கின வண்டி இது. இந்நேரம் இந்தக் கட்டி எப்படி இருக்கணும்?”

“குளிச்சுக் குளிச்சுத் தேஞ்ச சோப்பு மாதிரி.”

“எப்படி இருக்கு?”

வாயாடி விளக்கைக் கிட்டே கொண்டுபோனாள். நான்கும் விளிம்பு மழுங்காமல், கொழுகொழுவென்று, கடையில் இப்போதுதான் உறை பிரித்த மாதிரி இருந்தன. வண்டி பச்சை. கட்டிகளும் பச்சை. ஆனால் வண்டியின் பச்சை செத்த பச்சை, வெளிச்சம் பட்டால் விழுங்கிவிடும். கட்டிகளின் பச்சை மினுமினுத்தது. நகத்தால் சுரண்டினாள். பெயின்ட் செதிளாக வந்தது. கீழே சாம்பல் நிறத்தில் துத்தநாகம், ஒரு கீறல் இல்லாமல். செதிளைக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டாள்.

“ரெண்டு கோட்டு” என்றாள். “பிரஷ்ல, நின்னு நிதானமா அடிச்சிருக்காங்க சார். ஒரு சொட்டு வழியல.”

“பெயின்ட் அடிச்சா தண்ணி அதைத் தொட முடியாது. தொட முடியாட்டி தின்ன முடியாது. பசியோட வந்தது பக்கத்து இரும்பைத் தின்னுட்டுப் போயிடுச்சு.” செருமல் ஒரு கட்டியை விரலால் தடவினார். பெயின்ட்டுக்குக் கீழே மேடும் பள்ளமுமாக எழுத்துகள். வெளிநாட்டு எழுத்து. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவிப் படித்தார். படித்து முடித்ததும் நீளமாக மூச்சு விட்டார்.

“என்ன சார் எழுதியிருக்கு?”

“பெயின்ட் அடிக்காதே.”

வெளியே வந்து கேட்டபோது மினுக்கின் முகம் மலர்ந்தது. “அதுவா? பார்வையிடும் விழாவுக்காக வண்டி முழுக்க ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்று என் உத்தரவு. படைப்பிரிவிலேயே மிக அழகான அடிவயிறு இந்த வண்டியுடையதுதான்.”

“விழா எப்ப சார் நடந்தது?” என்றாள் வாயாடி.

“இன்னும் நடக்கவில்லை. மேலிடத்துக்கு நேரம் ஒழியவில்லை. பதினோரு மாதமாக ஒத்திகை நடத்துகிறோம்.”

“அடிவயித்தை மேலிடம் எப்படிப் பார்ப்பாங்க? படுத்துக்கிட்டா?”

மினுக்கு குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பராமரிப்புப் பதிவேட்டைக் கேட்டதற்கு, அது தண்ணீரில் போய்விட்டது என்றார். யார் பெயின்ட் அடித்தது என்று கேட்டதற்கு, உத்தரவு போடுவதுதான் தன் வேலை, பிரஷ் பிடிப்பது யார் என்று பார்ப்பது தன் தகுதிக்குக் கீழே என்றார். முதல் பதிலின்போது அவர் குரல் அரை ஸ்வரம் ஏறியதை வாயாடி கவனித்தாள்.

அதனால், செருமல் மரியாதைக்காக இன்னும் பத்து நிமிஷம் மினுக்கிடம் குச்சி அடி வாங்காத குறையாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் உதிரிபாகக் கிடங்கின் ஜன்னலுக்குப் போனாள். புதிய துத்தநாகம் எங்கிருந்து வரும்? கிடங்கிலிருந்து. கிடங்கில் சும்மா தருவார்களா? உலகத்தில் எந்தக் கிடங்கிலும் சும்மா தந்ததில்லை.

கிடங்குக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். “யாரும்மா நீ?”

“செத்துப்போன ஓட்டுநரோட அக்கா அனுப்பின ஆளுண்ணே. அந்தத் தம்பி எப்பவாவது இங்க வந்து துத்தநாகம் கேட்டுதா?”

அவர் கண்ணாடியை இறக்கினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அலமாரியின் மூன்றாவது தட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“அஞ்சு வாரமா காத்துக்கிட்டு இருக்கேன். யாராவது வந்து இதைக் கேப்பாங்கன்னு. அசல் மூணும் அந்தப் பராமரிப்பு அதிகாரிகிட்ட. இது அவர் எழுதித் திருப்பி அனுப்பின கார்பன் நகல்.”

மூன்று விண்ணப்பப் படிவங்கள். ஒரே கையெழுத்து. ‘துத்தநாகக் கட்டி நான்கிலும் பெயின்ட் பட்டுவிட்டது. சுரண்டவோ மாற்றவோ அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் வடிகால் துளை அரித்துவிடும்.’ அதற்கு மேல் தெளிவாக ஒருவன் எழுத முடியாது. ஆனால் படிவத்தில் ஏழாவதாக ஒரு கட்டம் இருந்தது. ‘சேதம் விளைவித்தவர் யார்?’

முதல் படிவத்தில் அந்தக் கட்டம் காலி. ‘ஏழாவது கட்டம் நிரப்பப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது’ என்று கீழே மினுக்கின் கையெழுத்து.

ஒரு மாதம் கழித்து இரண்டாவது. ஏழாவது கட்டத்தில் ‘தெரியவில்லை’. கீழே: ‘தெரியவில்லை என்பது பதில் ஆகாது. திருப்பி அனுப்பப்படுகிறது.’

மூன்றாவது அதற்கு ஒரு வாரம் கழித்து. ஏழாவது கட்டத்தில் ‘நான்’. கீழே: ‘விழா முடியும்வரை வண்டியின் பூச்சில் யாரும் கை வைக்கக் கூடாது.’

“கேக்காமலே சுரண்டியிருக்கலாமேண்ணே?”

“சுரண்டினான். ஒரு மூலையில. அன்னைக்கே அந்த ஆளு குச்சியோட வந்து பார்த்துட்டாரு. மூணு நாள் காவல் அறையில போட்டு, அவன் கையாலயே அந்த மூலைக்குத் திரும்பப் பெயின்ட் அடிக்க வெச்சாரு.” கிடங்குக்காரர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அப்புறம் என்ன பண்ணுவான்? தண்ணியில இறங்குறதுக்கு முன்னால ரெண்டு தடவை மூடியை இறுக்குவான். என்கிட்டதான் வந்து ஸ்பேனர் வாங்கிட்டுப் போவான். நானும் எடுத்துக் கொடுப்பேன். அரிச்சுப்போன மரையை இறுக்க இறுக்க அது இன்னும் பொடியாகும்னு அவனுக்கும் தோணல. எனக்கும் தோணலம்மா.”

திரும்பி வரும் வழியில் செருமல் துள்ளாத குறை. “இது போதும். மூடியை இறுக்கியிருக்கான். எச்சரிச்சிருக்கான். மூணு தடவை. மறதின்னு ஒரு பய வாயைத் திறக்க முடியாது.”

“ஏழாவது கட்டத்துல நான்னு எழுதியிருக்கே சார்.”

“அது ஒண்ணுதான் உறுத்துது. உத்தரவுக்குப் பயந்து முதல்ல அடிச்சிருப்பான். அப்புறம் பயந்துபோய்க் கேட்டிருப்பான்.”

“துத்தநாகம்னா என்னன்னு இவ்வளவு தெரிஞ்சவன் ரெண்டு கோட்டு அடிப்பானா? அதுவும் முகாம்ல இல்லாத பச்சையில?”

“எவனோ ஒரு மடையன் அடிச்சிருக்கான், இவன் ஏத்துக்கிட்டான். அது இப்ப முக்கியமில்ல” என்றார் செருமல். அவருக்கு முக்கியமானது கைவசம் இருந்தது. சொல்வதற்கு ஒரு முழுக் கதை இருந்தது. கேட்பதற்கு ஓர் ஆளும் இருந்தார்.

நகராட்சிப் பணிமனை தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வாசலில் உடைந்த குப்பைத் தொட்டிகள், சாய்ந்த விளக்குக் கம்பங்கள். காவலாளி உள்ளே கை காட்டினார். கடைசிக் கோடிக்குப் போனபோது அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு பூங்கா பெஞ்சின் காலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார்.

“அதுல உட்காராதீங்க சார். இன்னும் காயல.”

செருமல் நின்றுகொண்டார். நின்றால்தான் அவருக்குப் பேச்சும் வரும். செருமினார்.

“உங்க தம்பி மூடியைத் திருகினார்மா. கழுத்து வரைக்கும் இறுக்கித் திருகினார். அதுக்கு என்கிட்ட அத்தாட்சி இருக்கு.”

 அக்கா உப்புத்தாள் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பத்து நாளாக அடக்கியிருந்த அழுகை. தோள் இரண்டும் குலுங்கின. “நான் சொன்னேன்ல? நான் சொன்னேன்ல?” என்று வாயாடியின் கையைப் பிடித்துக்கொண்டார். வாயாடிக்கும் கண் கலங்கியது. “சொன்னீங்க அக்கா. முதல் நாளே சொன்னீங்க.”

செருமல் இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதிக் கதையில் நிறுத்திய பாவத்தை அவர் வாழ்க்கையில் செய்ததில்லை.

“சரி, அப்ப வண்டி ஏன் மூழ்கினது? அங்கதான் விஷயமே இருக்கு. கடல் தண்ணிங்கிறது என்ன பண்ணும்னா...”

வாயாடி அக்காவின் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் பச்சை. பிறகு அக்காவின் தோளுக்கு மேலே பார்த்தாள். கொட்டகையின் அந்தக் கோடி வரை பெஞ்சுகள். இருபதுக்கு மேல் இருக்கும். எல்லாம் பச்சை. வெளிச்சம் பட்டு மினுமினுக்கும் பச்சை. ஒரு சொட்டு வழியாமல், நின்று நிதானமாக அடித்த பச்சை.

அவள் கைக்குட்டையைத் திறந்து பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய அவசியம் இல்லை.

“சார், ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் பேசலாமே.”

“தாகமில்ல. இரும்புக்குப் பக்கத்துல துத்தநாகம்னு ஒண்ணு...”

“சார், உங்க சட்டையில பெயின்ட் ஒட்டிடுச்சு. வாங்க, வெளியில போய்த் தொடைச்சுக்கலாம்.”

“குறுக்க பேசாதே! துத்தநாகம் கரையணும்மா. அதுதான் அதோட வேலை. அது கரைஞ்சாத்தான் இரும்பு பிழைக்கும். ஆனா இந்த வண்டியில அது கரையல. ஏன்? எவனோ ஒரு மடையன் அதுக்குப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கான்!”

தகரக் கூரையின் மேல் ஏதோ பறவை நடக்கும் சத்தம் கேட்டது.

“எந்தக் கட்டி?” என்றார் அக்கா.

“வண்டிக்கு அடியில நாலு...”

“மேடா எழுத்துப் போட்டிருக்குமே. அந்த நாலா?”

எழுத்தைப் பற்றிச் செருமல் இன்னும் சொல்லவே இல்லை. அவர் வாய் திறந்தபடி நின்றது. பெஞ்சுகளைப் பார்த்தார், வாயாடியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். யாரிடமும் இல்லாமல் பேசினார்.

“குடும்பத்தாரை உள்ள விடுற நாள் அன்னைக்கு. இவன் வண்டிதான் விழாவுல முதல்ல போகப்போகுதுன்னு காட்டினான். ஒரு அதிகாரி வந்து, இந்த நாலு சாம்பல் கட்டியும் அம்மை வடு மாதிரி இருக்குன்னு எல்லார் முன்னாலயும் திட்டினாரு. இவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். எனக்குப் பொறுக்கல. இவங்களை வரிசையில நிக்கக் கூப்பிட்டுட்டுப் போனாங்க. என் வேலைப்பையில அரை டப்பா பெயின்ட் இருந்துச்சு. படுத்துக்கிட்டே அடிச்சேன். ஏதோ எழுத்து தட்டுப்பட்டுது. கம்பெனி பேருன்னு நினைச்சேன். அது தெரியக்கூடாதுன்னுதான் ரெண்டாவது கோட்டு.”

“தம்பி வந்து பார்த்தாரா?” என்றாள் வாயாடி.

“குனிஞ்சு பார்த்தான். முகம் ஒரு மாதிரி ஆச்சு. அப்புறம் சிரிச்சான். ‘அட்டகாசம் அக்கா’ன்னான்.” அக்கா நிமிர்ந்தார். “அந்த எழுத்து என்ன சார்?”

செருமல் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் பதில் இல்லாமல் இருந்ததில்லை. “தெரியலம்மா” என்றார். “எனக்கு அந்த மொழி தெரியாது.”

பொய்யை இவ்வளவு மோசமாகச் சொல்லி வாயாடி கேட்டதில்லை. பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொல்லியும் கேட்டதில்லை.

“உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க” என்றார் அக்கா. செருமல் அசையவில்லை. அக்கா வாயாடியின் பக்கம் திரும்பினார்.

“பெயின்ட் அடிக்காதேன்னு எழுதியிருக்கு அக்கா.”

அக்கா தலையை ஆட்டினார்.  தம்பியின் கையெழுத்து ஏதாவது கிடைத்ததா என்று கேட்டார். மறைக்கத் தெரியாமல் வாயாடி மூன்று நகலையும் கொடுத்தாள். அக்கா ஒவ்வொன்றாகப் படித்தார். ஏழாவது கட்டத்தில் விரல் நின்றது. காலி. தெரியவில்லை. நான். அந்தக் கடைசிச் சொல்லின் மேல் கட்டைவிரலை வைத்து, குழந்தையின் மூக்கைத் துடைப்பதைப் போல ஒருமுறை துடைத்தார்.

“என் பேரை எழுதியிருந்தா முதல் தடவையே வாங்கியிருப்பாங்களா?”

“அப்பவும் அந்த அதிகாரி ஏதாவது சொல்லித் திருப்பியிருப்பான்மா” என்றார் செருமல். “விழா முடியட்டும்னு அவன் எழுதினது உங்களாலயோ உங்க தம்பியாலயோ இல்ல. அந்த மனுஷனோட மினுக்குத்தனம். கொன்னது அது. நாளைக்கு நான் மூணாவது படிவத்தைக் காட்டமாட்டேன். முதல் ரெண்டே போதும்.”

“அசல் அந்த ஆளுகிட்ட இருக்கு சார்” என்றாள் வாயாடி மெல்ல. “மாட்டிக்கிட்டா மூணாவதைத்தான் முதல்ல எடுத்து வீசுவான். அவனே அடிச்சான், அவன் கைப்பட எழுதியிருக்கான், அப்புறம் எப்படி சுவத்துல பேரு போடுறதும்பான்.”

செருமலுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார். வெளியே யாரோ விளக்குக் கம்பத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“எழுதிக்கோங்க” என்றார் அக்கா.

“அக்கா, கொஞ்சம் யோசிங்க. முகாமுக்குள்ள புகுந்து ராணுவ வண்டியைத் தொட்டீங்கன்னு உங்க மேல வழக்குப் போடுவாங்க. அந்தத் தம்பி அவ்வளவு பாடுபட்டு மறைச்சது உங்களுக்காகத்தானே?”

“அவன் எனக்காக எழுதினான். இருபத்தொம்பது வயசு. அவனுக்கு என்ன தெரியும்?” அக்காவின் குரல், குழந்தையின் வீட்டுப்பாடத்தில் தப்பைக் கண்டுபிடித்த குரலாக இருந்தது. “எழுதிக்கோங்க.”

வாயாடி ஒரு காயாத பெஞ்சுக்கும் இன்னொரு காயாத பெஞ்சுக்கும் நடுவே முட்டிபோட்டு உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்து அதன் மேல் காகிதத்தை விரித்தாள். அக்கா சொல்லச் சொல்ல எழுதினாள். தேதி. இடம். நான்கு கட்டிகள். இரண்டு பூச்சு. சொந்தப் பெயின்ட், சொந்தப் பிரஷ். தம்பி வரிசையில் நின்றிருந்த நேரம். எழுதி முடித்துப் படித்துக் காட்டினாள்.

“அதுல ஒரு வார்த்தை நான் சொல்லலியே” என்றார் அக்கா.

“எது அக்கா?”

“‘தெரியாமல்’. தெரியாமல் அடித்துவிட்டேன்னு போட்டிருக்கீங்க.”

“தெரியாமத்தானே அடிச்சீங்க?”

“அந்த வார்த்தை எனக்காக. இந்தக் காகிதம் அவனுக்கு. அடிச்சுடுங்க அதை.”

வாயாடி செருமலைப் பார்த்தாள். எதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பவர், கொட்டகையின் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு இழுத்தாள். அக்கா காகிதத்தை வாங்கி, கோடு போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றும், கீழே ஒன்றுமாக இரண்டு கையெழுத்துப் போட்டார். எழுத்து மெதுவாக, நேராக, ஒரு பிசிறு இல்லாமல் வந்தது.

“காலையில எட்டரைக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்” என்றார் செருமல். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

“வேண்டாம் சார். நானே வந்துடுறேன். வழி தெரியும்.” அக்கா மூன்று நகல்களையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குபவரைப் போல நின்றார்.

“ஏம்மா, அந்தச் சுவத்துல பேரையெல்லாம் பெயின்ட்ல எழுதுவாங்களா, செதுக்குவாங்களா?”

“செதுக்குவாங்க அக்கா” என்றாள் வாயாடி. “கல்லுலயே.”

“அப்ப சரி” என்றார் அக்கா.